நடுவில் வைத்த சாட்சித் தகடு

என் பெயர், கணவர் பெயர், வீட்டு இலக்கம், தெரு ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ள முகப்புத் தாளில் என் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது இருபத்தொன்பது. பள்ளிப் படிப்பை முடித்து இரண்டு வருடத் தொழிற்பயிற்சி பெற்றவள். விமான இன்ஜின்களைப் பழுது பார்த்துத் திருப்பி அனுப்பும் ஆலையில், பூச்சுப் பிரிவில், ஆறு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்து வருகிறேன். அடையாள அட்டையில் ‘உதவியாளர்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். உண்மையில் நான் கன் ஆபரேட்டர். இதைச் சொன்னதும் இந்த வாக்குமூலத்தை எழுதும் எழுத்தர் பேனாவை நிறுத்தி, “என்ன கன்? லைசன்ஸ் இருக்கா?” என்று கேட்டார். அது சுடுகிற துப்பாக்கி இல்லை, பூச்சு அடிக்கிற துப்பாக்கி என்று நான் விளக்கிய பிறகு எழுதிக்கொண்டார். ஆலையில் என்னை எல்லோரும் ‘தட்டுக்காரி’ என்று கூப்பிடுவார்கள். இந்த வழக்கில் அந்தப் பட்டப்பெயருக்கும் வேலை இருப்பதால் அதையும் பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டேன்.

என்னை யாரும் இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வரவில்லை. எங்கள் பிரிவில் தூள் நிரப்பும் வேலை பார்க்கும், நாங்கள் பவுடர் அக்கா என்று கூப்பிடும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி, வேண்டுமென்றே கழிவுத் தூளைக் கலந்து இன்ஜினைக் கெடுத்தார் என்று ஆலை நிர்வாகம் புகார் கொடுத்திருக்கிறது. அது நடக்கவில்லை. நடந்தது எனக்குத் தெரியும். அதில் என் கையும் இருக்கிறது. அதைச் சொல்லவே சென்ற மாதம் இருபத்தேழாம் தேதி நானாக வந்தேன். அன்று வாய்மொழியாகச் சொன்னதை இன்று முழுமையாகச் சொல்கிறேன்.

காவல் ஆய்வாளர் கேட்டதன் பேரில் எங்கள் பூச்சைப் பற்றி முதலில் சொல்கிறேன். இன்ஜினுக்குள் பிளேடுகள் சுழலும். அவற்றைச் சுற்றி வட்டமாக ஒரு கூடு இருக்கும். பிளேடின் நுனிக்கும் கூட்டுக்கும் இடைவெளி குறையக் குறைய எரிபொருள் மிச்சமாகும். ஆனால் சூட்டில் பிளேடு நீண்டு கூட்டில் உரசும். உரசும்போது பிளேடு தேயக் கூடாது, கூட்டின் உட்பக்கம்தான் தேய வேண்டும். அதற்காகவே அங்கே ஒரு பூச்சு அடிக்கிறோம். அது ரொம்பக் கெட்டியாக இருந்தால் பிளேடை உடைக்கும். ரொம்ப மெத்தென்று இருந்தால் காற்றிலேயே பெயர்ந்து போகும். சரியான அளவில் விட்டுக்கொடுக்க வேண்டும். பவுடர் அக்கா இதைப் பற்றி ஒரு தடவை, “நம்மள மாதிரிதாண்டி. யாரு வந்து உரசினாலும் நாமதான் தேயணும், அவங்க பளபளன்னு இருக்கணும்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அந்தப் பூச்சுக்கான தூளில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கும். ஒன்று கனமான உலோகத் தூள். இன்னொன்று லேசான பிளாஸ்டிக் தூள். பவுடர் அக்கா டப்பாவைத் திறந்து ஹாப்பர் என்னும் கூம்புத் தொட்டியில் கொட்டுவார். தூள் அதன் அடியிலிருந்து குழாய் வழியாகக் கன்னுக்குப் போகும். கன் கண்ணாடி அறைக்குள் ஓர் இயந்திரக் கையில் மாட்டியிருக்கும். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஹாப்பரை ஒட்டி நிற்பேன். கன்னின் வாயில் எரியும் தீயில் உலோகம் உருகித் துண்டில் போய் ஒட்டும், பிளாஸ்டிக்கும் அதோடு போய் உட்காரும். அதன் பிறகு துண்டுகளைச் சூளையில் வைத்தால் பிளாஸ்டிக் எரிந்து போய், அது இருந்த இடமெல்லாம் சிறு துளைகளாகும். அந்தத் துளைகள்தான் பூச்சை விட்டுக்கொடுக்க வைக்கின்றன. ஒரு கூட்டுக்குப் பன்னிரண்டு வளைவுத் துண்டுகள். ஒரு ஹாப்பர் தூள் பன்னிரண்டுக்கும் போதும். ஒன்று முதல் பன்னிரண்டு வரை வரிசையாக அடிப்போம். துண்டின் முதுகில் எண் குத்தியிருக்கும்.

இனிச் சொல்வதைக் கவனமாக எழுதும்படி எழுத்தரைக் கேட்டுக்கொண்டேன். பன்னிரண்டு துண்டுகளையும் யாரும் சோதிப்பதில்லை. சோதித்தால் பூச்சில் பள்ளம் விழும், துண்டு வீணாகும். அதனால் விரல் நீளத்தில் ஒரு தகட்டைத் துண்டுகளோடு சேர்த்து மாட்டி, அதிலும் அதே பூச்சை அடிப்போம். சோதனைக்கூடத்தில் அந்தத் தகட்டின் மேல் சின்ன இரும்புக் குண்டு ஒன்றை அழுத்தி, எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து எண் போடுவார்கள். எண் கூடினால் பூச்சு கெட்டி. நாற்பத்திரண்டுக்கும் ஐம்பத்திரண்டுக்கும் நடுவில் இருந்தால் பாஸ். துண்டுகளின் சார்பில் பேசுவதால் அதற்குச் சாட்சித் தகடு என்று பெயர். ‘சாட்சி பாஸ்’ என்றால் பன்னிரண்டும் பாஸ். இந்தச் சோதனையைச் செய்பவரை நாங்கள் குண்டு அண்ணன் என்று கூப்பிடுவோம். எழுத்தர் மறுபடியும் நிமிர்ந்து பார்த்தார். ஆள் ஒல்லி, குண்டு வைத்து அழுத்துவதால் அந்தப் பெயர் என்று சொன்னேன்.

அந்தத் தகட்டை எத்தனையாவது துண்டுக்குப் பிறகு மாட்ட வேண்டும் என்று செய்முறைத் தாளில் எழுதவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆறாவது துண்டு முடிந்ததும் மாட்டுவதுதான் வழக்கம். அதற்குள் கன் சூடேறி, தூள் சீராகி, எல்லாம் நல்லபடி ஓடிக்கொண்டிருக்கும் என்று காரணம் சொல்வார்கள். நானும் வந்த ஆட்களுக்கு அதையே சொல்லியிருக்கிறேன். யாரையும் ஏமாற்ற நினைத்துச் செய்தது இல்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் நல்ல நாற்காலியை எடுத்துப் போடுவது போலத்தான் செய்தோம்.

ஹாப்பரைச் சுற்றி ஒரு சூட்டுப்பட்டை கட்டி, தூளை அறுபது டிகிரியில் வைத்திருக்க வேண்டும். சூடு இருந்தால் தூளில் ஈரம் ஏறாது. அந்தப் பட்டை எட்டு மாதத்துக்கு முன்பு கருகிப்போனது. பவுடர் அக்கா அன்றே சூப்பர்வைசரிடம் சொன்னார். மேலே எழுதிப் போட்டிருப்பதாகச் சூப்பர்வைசர் சொன்னார். அதே மாதம் மேனேஜர் அறைக்குப் புதிய குளிர்சாதனம் வந்தது. சூட்டுப்பட்டை வரவில்லை. ஆனாலும் தினசரிப் படிவத்தில் ‘பட்டையின் சூடு’ என்ற கட்டத்தில் அறுபது என்று எழுதும்படி சூப்பர்வைசர் அக்காவிடம் சொன்னார். கட்டம் காலியாக இருந்தால் இன்ஜின் வெளியே போகாது. அக்கா எழுதினார்.

பட்டை இல்லாமல் போன பிறகு தூள் ஈரம் குடித்துக் கட்டிக்கொண்டது. விட்டு விட்டு வந்தது. அப்படி வரும்போது கன் இருமுவது போலச் சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் ரப்பர் சுத்தியலால் ஹாப்பரின் தோளில் தட்டினால் தூள் உதிர்ந்து மறுபடி ஓடும். எல்லா ஆபரேட்டர்களும் தட்டுவார்கள். நான் மற்றவர்களைவிட நன்றாகத் தட்டுவேன். இருமல் வருவதற்கு முன்னாலேயே எனக்குக் காதில் தெரிந்துவிடும். பெருக்கும் வேலையிலிருந்து என்னைக் கன்னுக்கு மாற்றியதே அதனால்தான். சுத்தியலின் பிடியில் மார்க்கர் பேனாவால் ‘தட்டுக்காரி’ என்று யாரோ எழுதினார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. மறைக்கவில்லை.

சென்ற மாதம் ஒன்பதாம் தேதி, காலை ஷிப்டில், இப்போது வழக்கில் இருக்கும் இன்ஜினின் துண்டுகளை அடித்தேன். அதற்கு முன் ஐந்து நாளாக மழை. பவுடர் அறையின் ஜன்னல் மூடாது. அக்கா தூளைக் கொட்டும்போதே, “இன்னைக்கு ரொம்ப அடம் பிடிக்கும்டி, பாத்துக்கோ” என்றார். அதன் பிறகு நான் அடிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே பதினைந்து இருபது தட்டு தட்டினேன். முதல் மூன்று துண்டுகள் முடிவதற்குள் இன்னும் அத்தனை தட்டியிருப்பேன். நான்காவதிலிருந்து தூள் ஒழுங்காக வந்தது. ஆறாவது முடிந்ததும் சாட்சித் தகட்டை மாட்டினேன். சூளையிலிருந்து எடுத்த பிறகு குண்டு அண்ணன் அழுத்திப் பார்த்து நாற்பத்தேழு என்றார். பாஸ்.

அதன் பிறகு துண்டுகளைப் பெட்டியில் அடுக்கும்போது முதல் துண்டை நகத்தால் சுண்டியபோது ‘ணங்’ என்றது. நடுத் துண்டுகள் அப்படிச் சத்தம் போடவில்லை. பன்னிரண்டாவதைத் தொட்டபோது விரலில் சாம்பல் நிறத்தில் பொடி ஒட்டியது. இதற்கு முன்பும் அப்படிப் பார்த்திருக்கிறேன், ஆனால் இந்த அளவுக்கு இல்லை. சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். அவர், “சாட்சி பாஸா இல்லையா? பாஸ்னா பாஸ்தான். ஒவ்வொண்ணா தட்டிப் பாக்க இது என்ன பானைக் கடையா?” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கையெழுத்து என்னுடையதுதான்.

மறுநாள், பத்தாம் தேதி, பவுடர் அக்காவுக்கும் சூப்பர்வைசருக்கும் வாய்த்தகராறு நடந்தது. நான் ஐந்தடி தூரத்தில் நின்றிருந்தேன். அக்கா சொன்ன சொற்கள் இவை: “அந்தப் பட்டைய மாத்துங்கன்னு எட்டு மாசமா கத்துறேன். ஒரு நாளைக்கு இது உங்க மூஞ்சியிலயே வெடிக்கும், பாருங்க.” நிர்வாகத்தின் புகாரில் இதை ‘வெடிக்க வைப்பேன்’ என்று எழுதியிருப்பதாக ஆய்வாளர் படித்துக் காட்டினார். வெடிக்கும் என்பது ஒன்று, வெடிக்க வைப்பேன் என்பது வேறு. அக்கா சொன்னது முதலாவது. எட்டு மாதம் ஒருத்தி கத்தியதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஒரே ஒரு சொல்லை மட்டும் எழுதி வைத்தார்கள், அதையும் மாற்றி எழுதினார்கள்.

இருபத்தொன்றாம் தேதி அந்த இன்ஜினைச் சோதனை மேடையில் வைத்து ஓட்டினார்கள். நான் அங்கே இல்லை. பிறகு தெரிந்துகொண்டது: முழு வேகத்துக்கு ஏற்றியபோது பிளேடுகள் பூச்சில் முட்டி, ஐந்து பிளேடுகளின் நுனி உடைந்து, அந்த அதிர்வில் ஓர் எண்ணெய்க் குழாய் கழன்றுவிட்டது. இன்ஜினை நிறுத்திவிட்டு உள்ளே போன டெக்னீசியனின் முன்கையில் சூடான எண்ணெய் பட்டு வெந்துவிட்டது. அவர் எனக்கும் தெரிந்தவர். கை பிழைத்துக்கொண்டது. விரல்களை மடக்குவதை நேற்று போய்ப் பார்த்தேன்.

அதன் பிறகு இருபத்துமூன்றாம் தேதி நிர்வாகம் எங்கள் அலமாரிகளைத் திறந்து பார்த்தது. பவுடர் அக்காவின் அலமாரியில், தரையிலிருந்து பெருக்கி எடுத்த தூள் ஒரு கண்ணாடிக் குப்பியில் இருந்தது. இதைத்தான் கலந்திருக்கிறாள் என்று எழுதி, அக்காவை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் குப்பி அங்கே வந்த கதை எனக்குத் தெரியும். அக்காவுக்கு ஒரு வருடமாக இருமல். வாரத்துக்கு ஒரு முகமூடிதான் தருவார்கள், அது இரண்டே நாளில் உள்பக்கம் சாம்பலாகிவிடும். மருத்துவமனையில் டாக்டர், “என்ன தூளைச் சுவாசிக்கிறீங்க? கொஞ்சம் கொண்டு வந்து காட்டுங்க” என்று கேட்டிருக்கிறார். காட்டுவதற்காக எடுத்து வைத்தது. குப்பியில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதி எழுதியிருக்கிறது. குப்பியைக் கைப்பற்றியவர்கள் அந்தக் காகிதத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஆய்வாளர் என் முன்னால் திருப்பிப் பார்த்தார்.

அன்று முதல் அக்கா தினமும் பத்து மணிக்கு இந்த நிலையத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. ஆலையில் நுழைவு அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். இருபத்துநான்காம் தேதி சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நிரந்தரம் பண்ற லிஸ்ட்ல உன் பேரு இருக்கும்மா. இப்ப போய் அது ‘ணங்’ங்குது, இது பொடி ஒட்டுதுன்னு எங்கயும் உளறி வைக்காத” என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். ஆறு வருடமாக அந்த லிஸ்டுக்காகக் காத்திருக்கிறேன். இரண்டு நாள் தலையாட்டியபடியே இருந்தேன்.

இருபத்தாறாம் தேதி மாலை ஆறு மணி சுமாருக்கு என் கணவர் வேலையிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் வீடுகளுக்கு டைல்ஸ் பதிப்பவர். நான் நடந்ததையெல்லாம் சொல்லி, சாட்சித் தகடு பாஸான பிறகும் துண்டு எப்படிக் கெட்டது என்று புரியவில்லை என்றேன். அவர், “தகட்டை எங்க வச்ச?” என்று கேட்டார். நடுவில் என்றேன். அவர் ஈரக் கையோடு திரும்பி நின்று, “ஏண்டி, ஒரு ரூம்ல டைல்ஸ் நல்லா உக்காந்திருக்கான்னு பாக்கணும்னா நடு ஹால்ல போய் தட்டுவாங்களா? நடுவுல எப்பவும் நல்லாத்தான் இருக்கும். திருட்டுத்தனமெல்லாம் மூலையிலதான் இருக்கும்” என்றார். எங்கள் ஐந்து வயது மகள் உடனே போய் வீட்டின் நான்கு மூலையையும் தட்டிப் பார்த்தாள். இரண்டு இடத்தில் ‘டொக்’ என்று கேட்டது. அவர் பதித்த டைல்ஸ்தான். “சொந்த வீட்டுக்கு அவசரத்துல போட்டது” என்று சமாளித்தார்.

நான் சிரிக்கவில்லை. ஒரு பழைய பாட்டிலில் உப்பையும் தூளான தெர்மோகோலையும் போட்டுக் குலுக்கிக் கலந்தேன். அதன் பிறகு பாட்டிலை மேசையில் நிறுத்தி, கரண்டிக் காம்பால் தோளில் தட்டினேன். பதினைந்தாவது தட்டில் உப்பு அடியில் இருந்தது, தெர்மோகோல் மேலே மிதந்தது. உலோகமும் பிளாஸ்டிக்கும் அதைத்தான் செய்திருக்கும். ஹாப்பரின் அடியிலிருந்துதானே தூள் போகிறது? முதலில் போனது உலோகம், அதனால் முதல் துண்டுகள் கெட்டி. கடைசியில் போனது பிளாஸ்டிக், அதனால் கடைசித் துண்டுகள் பொடி. நடுவில் மட்டும் கலவை சரி. அங்கேதான் நாங்கள் சாட்சியை நிறுத்தினோம். என் கணவர், “நீ போய் சொன்னா உன்னையும் சேத்து மாட்டுவாங்க, தெரியும்ல?” என்றார். தெரியும் என்றேன். “அப்ப காலையில முதல் பஸ்ஸுக்கே கிளம்பு. லேட்டாப் போனா ஸ்டேஷன்ல உக்காரக்கூட விட மாட்டாங்க” என்றார்.

மறுநாள் காலை இங்கே வந்து ஆய்வாளரிடம் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. நான் இரண்டு விஷயம் சொன்னேன். கழிவுத் தூளைக் கலந்திருந்தால் பன்னிரண்டு துண்டுகளும் கெட்டிருக்கும், நடுவில் வைத்த தகடும் கெட்டிருக்கும் என்பது ஒன்று. பிளேடு முட்டியது எந்தத் துண்டுகளில் என்று அறிக்கையைப் பாருங்கள் என்பது இரண்டாவது. ஆய்வாளர் அறிக்கையைப் புரட்டினார். ஒன்றும் இரண்டும் என்று ஆலையின் அறிக்கையிலேயே இருந்தது. அந்த எண்களை, அடித்த வரிசையோடு சேர்த்துப் படிக்க யாருக்கும் தோன்றவில்லை. அல்லது தோன்றியிருக்கலாம், எனக்குத் தெரியாது. அன்று மதியமே ஒப்பந்தக்காரர் போனில் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னார்.

இருபத்தொன்பதாம் தேதி காலை ஆய்வாளர் ஆலைக்கு வந்து, எல்லோர் முன்னாலும் செய்து காட்டச் சொன்னார். மேனேஜர், சூப்பர்வைசர், குண்டு அண்ணன், இன்ஜினின் சொந்தக்காரர்கள் அனுப்பிய இரண்டு பரிசோதகர்கள், பவுடர் அக்கா, நான் ஆகியோர் இருந்தோம். முதலில் வழக்கம் போலச் செய்தோம். அக்கா தூளைக் கொட்டினார். நான் வழக்கம் போலத் தட்டினேன். வீணாய்ப்போன பழைய துண்டுகள் பன்னிரண்டை அடித்தேன். ஒன்றாவது துண்டோடு ஒரு தகடு, ஆறாவதற்குப் பின் ஒரு தகடு, பன்னிரண்டாவதோடு ஒரு தகடு மாட்டினேன். அதன் பிறகு இரண்டாவது முறைக்காக அக்கா ஒரு புதிய டப்பா தூளைச் சோதனைக்கூடத்தின் உலர்த்தும் பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்தார். டப்பாவைத் தரையில் படுக்கப் போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு காலாலும் முன்னும் பின்னுமாக உருட்டினார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா அவரிடம், “அரை மணி நேரம் சார். எனக்கொண்ணும் அவசரம் இல்ல, பத்து மணி கையெழுத்து போட்டுட்டுதான் வந்திருக்கேன்” என்றார். ஆய்வாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

உலர்த்திய தூளைக் கொட்டிய பிறகு நான் சுத்தியலை மேசையில் வைத்துவிட்டேன். கன் ஒரு தடவைகூட இருமவில்லை. ஆனாலும் என் வலது கை இரண்டு மூன்று முறை தானாகச் சுத்தியலைத் தேடிப் போனது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இந்த முறையும் முதல், நடு, கடைசி என்று மூன்று தகடுகள் மாட்டினேன். ஆறு தகடுகளும் சூளைக்குப் போயின. சூளை அறையை ஆய்வாளர் பூட்டி முத்திரை வைத்தார்.

முப்பதாம் தேதி காலை ஆய்வாளர் முத்திரையை உடைத்தார். குண்டு அண்ணன் தகடுகளை வரிசையாக அழுத்தினார். தட்டி அடித்ததில் முதல் தகடு அறுபத்தேழு, நடுத் தகடு நாற்பத்தேழு, கடைசித் தகடு இருபத்தொன்பது. குண்டு அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மூன்றையும் இன்னொரு இடத்தில் மறுபடி அழுத்தினார். ஒன்றிரண்டு எண் முன்னே பின்னே, அதேதான். “இத்தனை வருஷமா என்கிட்ட நல்ல பிள்ளைய மட்டும்தான் அனுப்பியிருக்கீங்க” என்றார். தட்டாமல் அடித்ததில் நாற்பத்தொன்பது, நாற்பத்தேழு, நாற்பத்தாறு. பரிசோதகர்களில் ஒருவர் இந்த எண்களைத் தன் உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டார். பவுடர் அக்கா என் காதருகே வந்து, “இனி உன்ன என்னன்னுடி கூப்பிடுறது?” என்று கேட்டார்.

அதன் பிறகு ஆய்வாளர் தினசரிப் படிவங்களைக் கேட்டார். பட்டையின் சூடு அறுபது என்று எட்டு மாதமும் எழுதியிருப்பதைக் காட்டி, சூடு சரியாகத்தானே இருந்திருக்கிறது என்று மேனேஜர் சொன்னார். அக்கா, ஒவ்வொரு அறுபதுக்கும் அடியில் பாருங்கள் என்றார். எட்டு மாதத்துக்கு முந்திய அறுபதுகளுக்கு அடியில் ஒன்றும் இல்லை. பட்டை கருகிய நாளிலிருந்து ஒவ்வொரு அறுபதுக்கும் அடியில் கடுகு அளவுக்கு ஒரு புள்ளி இருந்தது. ஆய்வாளர் அது என்ன என்று கேட்டதற்கு, “எழுதச் சொன்னாங்க, எழுதினேன். பொய்க்கு ஒரு புள்ளி வச்சேன். என்னைக்காவது யாராவது கேட்டா சொல்லணும்ல” என்றார். நான் அவர் பக்கத்திலேயே ஆறு வருடம் வேலை செய்திருக்கிறேன். அந்தப் புள்ளிகளை நான் அன்றுதான் பார்த்தேன். என் படிவங்களில் எந்தப் புள்ளியும் இல்லை.

குண்டு அண்ணன் போனில் சொல்லித் தெரிந்துகொண்டது: இந்த மாதம் முதல் தேதி புதிய சூட்டுப்பட்டை வந்து கட்டியாகிவிட்டது. எட்டு மாதம் வராதது இரண்டே நாளில் வந்தது. ஹாப்பருக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். தட்டக் கூடாது, தூள் நின்றால் வேலையை நிறுத்தித் தூளை மாற்ற வேண்டும், சாட்சித் தகடு முதல், நடு, கடைசி மூன்று என்று அதில் இருக்கிறது. அடியில் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சென்ற எட்டு மாதத்தில் நாங்கள் அடித்து அனுப்பிய கூடுகளைத் திருப்பி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பரிசோதகர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது பெரிய வேலை. அடித்த வரிசை தெரிந்தவர்கள் அதற்கு வேண்டும் என்று கேட்டதால் என்னை நாளையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். ‘உதவியாளர்’ என்ற அதே அட்டைதான். லிஸ்டைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த வாரம் கேட்பேன்.

இன்று காலை பத்து மணிக்குப் பவுடர் அக்கா வழக்கம் போல வந்தார். ஆய்வாளர் கையெழுத்துப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, “நாளைக்கு இங்க வர வேண்டாம்மா. ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று சொல்லி, அந்தக் குப்பியை ரசீது வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

எனக்குச் சொந்தமான ரப்பர் சுத்தியல் ஒன்றைச் சான்றுப் பொருளாக இத்துடன் ஒப்படைக்கிறேன். பிடியில் என் பட்டப்பெயர் இருக்கிறது. திருப்பித் தர வேண்டியதில்லை.

மேலே கண்டதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். ஒன்பதாம் தேதி நடந்ததை ‘ஹாப்பர் பலமுறை தட்டப்பட்டது’ என்று எழுதியிருந்தார். அப்படித்தான் எழுதுவது வழக்கம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ‘நான் தட்டினேன்’ என்று திருத்தி, திருத்திய இடத்தில் அவரும் நானும் சுருக்கொப்பம் இட்டோம். மற்றபடி எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. சொன்னவை அனைத்தும் நான் கண்டவை, கேட்டவை, செய்தவை. கேட்டறிந்ததைக் கேட்டறிந்தது என்றே சொல்லியிருக்கிறேன்.

கடைசித் தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதும் என்று எழுத்தர் சொன்னார். நான் முதல் தாளிலும், நடுத் தாளிலும், கடைசித் தாளிலும் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)